அமைதியான அறையில் கேட்டது

2025 ஜூலை 7, திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். முதலில் தொலைக்காட்சியைப் போட்டேன். டிகாக்‌ஷன் இறங்குகிற நேரத்தில் முந்தைய நாளின் நாட்குறிப்பைப் படித்தேன். நான்கு வரிதான் இருந்தது: மழை, கறிகாய் வாங்கியது, பெங்களூரிலிருந்து மகள் அனு போன் செய்தது, இரவு மோர்சாதம். போன் வந்தது கறிகாய் வாங்கப் போவதற்கு முன்னால் என்பதால் வரிசையை மாற்றி எழுதினேன். தொலைக்காட்சியில் நான்கு பேர் எதைப் பற்றியோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மும்பை செம்பூரில் நாங்கள் இருப்பது பழைய கட்டடம். நாங்கள் என்று எழுதுவது பழக்கம். என் மனைவி சாரதா போனபின் மூன்று வருடமாக நான் மட்டும்தான். கட்டடத்துக்குத் தண்ணீர் காலையில் முக்கால் மணி நேரம் வரும். அதற்குள் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். அன்று வாளியை எடுக்கப் போகும்போது பெல் அடித்தது. எதிர்வீட்டு ஜெயா மாமி, கையில் ஈரத்துணியோடு நின்றார்.

"மூணு தடவை கூப்பிட்டேன், ராமன். 'ராமன், தண்ணி வந்தாச்சு'ன்னு நான் கத்தினது கீழே வாட்ச்மேனுக்குக் கேட்டுடுத்து. உங்களுக்குக் கேக்கலை."

"டிவி சத்தம், மாமி."

"டிவி சத்தத்துல பெல் மட்டும் கேக்கறதாக்கும்? தினமும் இதே கதைதான். கூப்பிட்டா வரமாட்டேள், பெல் அடிச்சா ஓடி வருவேள். ஆயுசு பூரா ஊரார் காதை டெஸ்ட் பண்ணேளே, உங்க காதை ஒருநாள் பண்ணிக்கப்படாதோ?"

பண்ணிக்கொள்கிறேன் என்றேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் போகவேண்டியிருந்ததே காது சோதனை செய்யும் இடத்துக்குத்தான்.

மாட்டுங்காவில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் காது சோதனைப் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அங்கே இருக்கும் ஜெனிஃபர் சனிக்கிழமை போன் செய்திருந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்து, படித்து, இந்த வேலைக்கு வந்த பெண்.

"சார், திங்கக்கிழமை நம்ம டெஸ்ட் பூத்தைப் பிரிக்கப் போறாங்க. இனிமே டேப்லெட் கம்ப்யூட்டர்தான். ஸ்கூலுக்கே எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்துரலாம். பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"வரேன்மா."

"அப்புறம் ஒண்ணு சார். உங்க கேஸுல மறக்க முடியாதது ஒண்ணு எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், எங்கம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்குறேன்."

அவளுக்காக எழுதுவதுதான் இது. அவளுடைய அம்மாவின் குரலில் கேட்கப்போகிறாள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பி.எஸ்ஸி. இயற்பியல், அதன்பின் கேட்புக் கருவிகள் பற்றி ஒரு வருடப் பயிற்சி. வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கருவியின் எல்லாப் பொத்தான்களும் தெரியும், குழந்தைகளைப் பற்றி எதுவும் தெரியாது. குழந்தைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் பாட்கர் மேடம். அந்தப் பிரிவின் தலைவர்.

பூத் என்பது அறைக்குள் இருக்கும் இன்னோர் அறை. கனமான கதவு. அதைச் சாத்தும்போது காதில் லேசான அழுத்தம் உண்டாகும், விமானம் மேலேறும்போது ஆகிற மாதிரி. சுவர்களில் துளையிட்ட தகடு, அதற்குப் பின்னால் பஞ்சு. குழந்தை உள்ளே உட்கார்ந்திருக்கும். நான் வெளியே கருவியின் முன்னால் இருப்பேன். நடுவில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். குழந்தையின் தலையில் ஹெட்போன், சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. மேஜையில் ஒரு மரக்குச்சி, பக்கத்தில் பிளாஸ்டிக் வளையங்கள். ஒரு வளையத்தை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 'கூ' என்று ஒரு தொனி கேட்டதும் அதைக் குச்சியில் மாட்ட வேண்டும். மாட்டினால் நான் சத்தத்தைக் குறைப்பேன். மாட்டாவிட்டால் கொஞ்சம் கூட்டுவேன். குழந்தைக்குக் கேட்கிற மிக மெல்லிய சத்தம் எது என்பதை இப்படிக் கீழே இறங்கியும் மேலே ஏறியும் கண்டுபிடிப்போம்.

மேடத்துக்கு இதில் இரண்டு கண்டிப்பான விதிகள் இருந்தன. ஒன்று, தொனிகளை ஒரே இடைவெளியில் கொடுக்கக் கூடாது. "குழந்தையின் மூளை காதைவிட அவசரக்காரன்," என்பார். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நான் தமிழில் தருகிறேன். "இரண்டு தடவை ஒரே தாளத்தில் கொடுத்தால் மூன்றாவதைக் கேட்காமலே வளையத்தை மாட்டிவிடும். நீ காதைச் சோதிக்கவில்லை, தாளத்தைச் சோதிக்கிறாய்." இரண்டாவது, பொத்தானை அழுத்தும்போது குழந்தையைப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் நம் புருவத்திலிருந்தே பதிலை எடுத்துக்கொள்வார்கள். அதனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்காரப் பழகினேன். சாரதா அதை வீட்டில் கேலி செய்வாள். "ஆபீஸ் மூஞ்சியைக் கழட்டி வெச்சுட்டு வாங்கோ."

மேடத்தின் இன்னொரு வழக்கம்தான் இளையவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அறிக்கையில் 'நார்மல்' என்று எழுதமாட்டார். எங்களையும் எழுதவிட மாட்டார். 'அமைதியான அறையில், ஹெட்போன் வழியே கொடுத்த தனித் தொனிகள் இரு காதுகளுக்கும் போதிய அளவு கேட்கின்றன' என்ற முழு வரியும் வேண்டும். ஒருநாளில் முப்பது குழந்தைகள் வந்தாலும் முப்பது தடவை. "உலகத்தில் எந்தக் குழந்தையும் இந்த அறையில் குடியிருக்கவில்லை," என்பார். "எங்கே கேட்டது என்று எழுது."

அந்த வரி ஏன் அவ்வளவு நீளம் என்று எனக்குப் புரிய வைத்தவள் முத்துக்கனி.

பல வருடங்களுக்கு முன்னால், ஜூனில் பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அம்மா புஷ்பம் அழைத்துவந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். புஷ்பமும் அவள் புருஷன் முருகேசனும் தொண்ணூறு அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு கார்கானாவில், அதாவது தையல் பட்டறையில், வேலை செய்தார்கள். கார்கானாவின் மேலேயே பலகை போட்ட மாடியில் குடியிருந்தார்கள்.

"டீச்சர் கூப்ட்டா திரும்ப மாட்டேங்கா சார்," என்றாள் புஷ்பம். "பக்கத்துல வந்து நின்னு கத்துனாலும் அவ பாட்டுக்கு எங்கயோ பாத்துட்டு இருப்பா. ஒத்த எழுத்து வாசிக்கல. காதுலதான் கோளாறுங்காவ."

கனியை உள்ளே உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். வளையத்தை எப்படி மாட்டவேண்டும் என்று செய்துகாட்டத் தொடங்கினேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலைந்து தடவை காட்டவேண்டும். நான் இரண்டாவது வளையத்தை எடுப்பதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள். சத்தத்தைக் குறைத்தேன். மாட்டினாள். இன்னும் குறைத்தேன். மாட்டினாள். இடைவெளியை நீட்டிப் பார்த்தேன், ஏமாறவில்லை. நான் அதுவரை சோதித்த குழந்தைகளில் அவ்வளவு மெல்லிய தொனிக்கு அவ்வளவு நிச்சயமாகப் பதில் சொன்ன குழந்தை இல்லை. அடுத்து ஹெட்போன் வழியாகச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னோம். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள்.

முடிந்ததும் கதவைத் திறந்து, "கனி, போறும், வாம்மா," என்றேன். அவள் வளையங்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இல்லை. என் கையிலிருந்த பென்சில் பெட்டியை மேஜையில் வைத்தேன். அது 'டொக்' என்றது. உடனே எழுந்து என்னைப் பார்த்து நின்றாள். வளையங்களில் மூழ்கியிருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் முழு வரியையும் எழுதிக் கையெழுத்திட்டார். பள்ளியில் அந்த வரியை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. காது நன்றாக இருக்கிறது என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. மறுவாரம் புஷ்பம் தனியாக வந்தாள்.

"காது நல்லாருக்குன்னு சொன்னதுதான் தப்பாப் போச்சு சார். காது கேக்கலன்னா பாவம்னு இருந்திருப்பாவ. இப்ப அவ அப்பா, 'காது கேக்குதுல்லா, அப்ப திமிருதான்'னு அடிக்காவ. ஸ்கூல்ல பெரிய டீச்சர், தீவாளி லீவுக்கு அப்புறம் வேற ஸ்கூல்ல சேத்துருங்க, மூளை வளராத பிள்ளையளுக்குன்னு தனியா இருக்குதாம், அங்கன்னு சொல்லிட்டாவ. அதுக்கு அவ அப்பா, 'அந்த ஸ்கூலுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன், ஊர்ல ஹாஸ்டல்ல கொண்டு விட்டுருவேன், அங்க அடிச்சுப் படிக்க வைப்பாவ'ங்காவ." எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "அவ இங்க இல்லன்னா நான் என்னத்துக்கு இந்த மிஷின மிதிக்கணும் சார்?"

மேடம் கனியை மறுபடி வரச்சொன்னார். இந்தத் தடவை ஹெட்போனில் சொற்களோடு இரைச்சலையும் சேர்த்துக் கொடுத்தோம். எங்களிடம் இருந்தது கருவியோடு வந்த ஒலிப்பதிவு, குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோல ஒரே சீரான 'ஷ்ஷ்'. அதிலும் கனி தவறவில்லை. அவள் போனபின் மேடம் கருவியை அணைக்காமல் அந்த 'ஷ்ஷ்'ஷைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"இது யார் வீட்டுச் சத்தம், ராமன்?"

"யார் வீட்டுச் சத்தமும் இல்லை மேடம்."

"அப்படியானால் அவள் வீட்டுச் சத்தத்தைக் கொண்டுவா."

ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். கீழே எட்டு மிஷின்கள். செங்குத்தான இரும்பு ஏணி, அதன் உச்சியில் பலகையில் ஒரு சதுரத் திறப்பு. ஏறிப் போனால் நிமிர்ந்து நிற்க முடியாத மாடி. அன்று பள்ளி விடுமுறை. கனி பாயில் உட்கார்ந்து துணித்துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பலகை வழியாக மிஷின்களின் அதிர்வு தொடையில் ஏறியது. சத்தம் அப்படி இருந்தது. கீழே வேலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனில் பாட்டு ஓடியது.

ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒன்று தெரிந்தது. மிஷின் ஓடும்போது அந்த வீட்டில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புஷ்பத்துக்குக் கனி வேண்டுமென்றால் கத்தரிக்கோலால் ஏணியில் இரண்டு தட்டு. கனி திறப்பில் எட்டிப் பார்ப்பாள். ஒரே தட்டு என்றால் 'வேண்டாம், நில்'. திறப்புக்கு ரொம்பப் பக்கத்தில் கனியின் கால் தெரிந்தால் புஷ்பம் ஒரு தட்டுத் தட்டுவாள், கால் பின்னால் போய்விடும். அந்த எட்டு மிஷின் சத்தத்தில் ஒரு தட்டும் தவறவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். மிஷின்கள் நின்றன. காதுக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. ஏணியின் அடியில் நின்று புஷ்பம் சாதாரணக் குரலில், "கனி, சோறு திங்க வா," என்றாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. கனி துணித்துண்டை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

முருகேசன் ஏணியில் பாதி ஏறித் தலையை நீட்டினான். "பாத்தியளா சார்? இப்ப மிஷின் ஓடுதா? இல்லல்லா? நீங்களே பாத்தியள்லா? இது திமிரு இல்லாம என்னது?"

ஏணியில் இரண்டு தட்டுத் தட்டினான். கனி எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து சிரித்தாள்.

எனக்குப் பென்சில் பெட்டியின் 'டொக்' ஞாபகம் வந்தது. நாங்கள் எங்கள் அறையில் அவளுக்குக் கொடுத்த தொனியும் ஒரு தட்டுத்தான். சின்னதாக, தனியாக, உனக்காகத்தான் என்று சொல்லும் ஒரு சத்தம். ஹெட்போனில் ஒவ்வொன்றாக வந்த சொற்களும் அப்படித்தான். அவள் வீட்டில் அவளுக்குத் தெரிந்த ஒரே அழைப்பை நாங்கள் கருவியிலிருந்து கொடுத்திருக்கிறோம். அதனால்தான் செய்துகாட்டி முடிப்பதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள்.

இதை மேடத்திடம் சொன்னேன். அவர் சொன்னார்: "காது பிறக்கும்போதே தயாராக இருக்கிறது. எதைக் கேட்பது, எதை விடுவது என்று மூளை பழகுவதற்குத்தான் பல வருடம் வேண்டும். எந்தச் சத்தத்துக்குப் பின்னால் தனக்கென்று ஏதாவது வருகிறதோ அதற்கான வழியை அது அகலமாக்கிக்கொண்டே போகும். எதற்குப் பின்னால் எதுவும் வருவதில்லையோ அதைக் கைவிட்டுவிடும். இந்தக் குழந்தையைச் சுற்றி நாள் முழுக்கக் குரல்கள்தான், ஆனால் ஒன்றும் அவளுக்கானது இல்லை. தட்டு மட்டும்தான் அவளுக்கானது. வகுப்பில் டீச்சர் குரலும் கீழே இந்தி பேசுகிறவன் குரலும் அவளுக்கு ஒன்றுதான். குரலைக் கவனித்தால்தானே அதைச் சத்தம் சத்தமாகப் பிரிக்க முடியும்? பிரித்தால்தானே எழுத்தோடு சேர்க்க முடியும்?"

கொஞ்சம் கழித்து, "அந்த அம்மாவிடம் தப்பு என்ற சொல்லே வரக் கூடாது, ராமன். அந்தத் திறப்பில் குழந்தை விழாமல் ஏழு வருடம் காப்பாற்றியது அந்தத் தட்டுத்தான்," என்றார்.

அவர் வகுத்த முறை எளிமையானது. முதலில் தட்டும் பேரும் சேர்ந்து வரவேண்டும். பிறகு பேர் முன்னால், தட்டு பின்னால். பிறகு தட்டு மெல்ல மெல்லக் குறைய வேண்டும். கடைசியில் பேர் மட்டும். மிஷின் நிற்கும் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசவேண்டும், என்ன வேண்டுமானாலும். புஷ்பம் ஊரில் எட்டாவது வரை படித்தவள். பாடப்புத்தகத்தை விரித்து, ஒவ்வோர் எழுத்தையும் வாயால் சொல்லும்போது விரலால் பலகையில் ஒரு தட்டு. க, ப், ப, ல். நான்கு தட்டு, நான்கு எழுத்து. தட்டின் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்குப் போகும் வழி.

பள்ளியில் வகுப்பு டீச்சரிடம் நான்தான் போய்ப் பேசினேன். கனியை முன் பெஞ்சில் உட்காரவைத்து, பேசத் தொடங்கும்முன் ஸ்கேலால் பெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும் என்றேன்.

"ஐம்பது பிள்ளைங்க இருக்கு சார். இவ ஒருத்திக்காக நான் தவில் வாசிச்சிட்டு இருக்கணுமா?"

"தீபாவளி வரைக்கும் டீச்சர்."

இரண்டு வாரம் கழித்துப் போனபோது அவரே சொன்னார். "தட்டுனா இப்ப ஐம்பதும் வாயை மூடுது. தவில நான் விடறதா இல்ல சார்."

ஆனால் தட்டைக் குறைக்கத் தொடங்கியபோது கனி நின்றுவிட்டாள். பேரும் தட்டும் சேர்ந்து வந்தால் திரும்பினாள். பேர் மட்டும் வந்தால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் புஷ்பம் அரைநாள் வேலையை விட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வருவாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அசையாத முகத்தோடு உட்கார்ந்து, பேர் மட்டும் சொல்லிப் பார்ப்பேன். கனி வளையம் அடுக்குவாள். செப்டம்பர் போயிற்று. தீபாவளிக்கு முன்னால் வரும் அரைப் பரீட்சையும் வந்தது. புஷ்பம் என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பாள். அந்த வாரங்களில் என் தொழில் முகம் எனக்கே பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை முருகேசனும் வந்தான். சட்டைப் பையில் ரயில் டிக்கெட் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வண்டி.

"ஒத்தத் தடவ கூப்ட்டு இவ ஏன்னு கேக்கட்டும், டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருதேன்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தான்.

மேடம் அன்று வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். ஹெட்போன் வேண்டாம் என்றார். கனியை ஜன்னலுக்கு முதுகுகாட்டி உட்காரவைத்து வளையங்களைக் கொடுத்தார். உள்ளே இருந்த ஒலிபெருக்கியில், நான் கார்கானாவில் பதிவு செய்த சத்தத்தை ஓடவிட்டார். மிஷின், இந்திக் கத்தல், பாட்டு, எல்லாம். சத்தம் வந்ததும் கனியின் தோள் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்துவிட்டதுபோல.

நான் மைக்கைப் பிடித்தேன். மேடம் அதை என் கையிலிருந்து வாங்கிப் புஷ்பத்திடம் கொடுத்தார்.

"உன் குரலைத்தான் அவள் இத்தனை மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறாள். இவர் குரலை அல்ல."

புஷ்பம் மைக்கை வாங்கியதும் அவளுடைய வலது கை தானாக மேஜையைத் தட்ட உயர்ந்தது. மேடம் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கனி," என்றாள் புஷ்பம்.

கனி ஒரு மஞ்சள் வளையத்தை மாட்டினாள்.

"கனி."

ஒரு பச்சை வளையம். முருகேசன் ஜன்னலைவிட்டு விலகிச் சுவரைப் பார்த்து நின்றான்.

புஷ்பத்துக்கு அப்போது கோபம் வந்தது என்று நினைக்கிறேன். அல்லது வேறு எதுவோ. மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு, "ஏட்டி, அம்மா கூப்டுதேன்லா?" என்றாள்.

"என்னம்மா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

கனி திரும்பவில்லை. அடுத்த வளையத்தைத் தேடிக்கொண்டே கேட்டாள். உலகத்திலுள்ள எல்லாப் பிள்ளைகளும் வேலை மும்முரத்தில் அம்மாவுக்குச் சொல்லும் அதே பதில், அதே சலிப்பு.

ஒலிபெருக்கியில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கனி இன்னும் கொஞ்சம் உரக்க, "என்னம்மான்னு கேக்கேம்லா!" என்றாள்.

முருகேசன் சுவரைப் பார்த்தபடியே சிரித்துவிட்டான். "திமிருதான். நான்தான் சொன்னேம்லா சார், திமிருதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கேன்சல் பண்ண ஸ்டேஷனுக்குப் போவணும். போயிட்டு வந்துருதேன்."

புஷ்பத்தின் வலது கை இன்னும் மேடத்தின் மடியில் இருந்தது. நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். மேடம் வைத்த விதியை அன்று என் முகம் காப்பாற்றவில்லை.

கனி மறுநாளே படித்துவிடவில்லை. பேருக்குத் திரும்புவது நிலைக்க மேலும் சில மாதம் ஆயிற்று. வகுப்போடு சேர்ந்து வாசிக்க இன்னொரு முழு வருடம். நடுவில் பழைய நிலைக்குப் போன வாரங்களும் உண்டு. ஆனால் அதே பள்ளியில், அதே டீச்சரின் தவிலுக்கு முன்னால் இருந்தாள். அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது கார்கானா வாஷிப் பக்கம் மாறியது. அவர்களும் போனார்கள். புஷ்பம் சொல்லிக்கொள்ள வந்த அன்று நான் விடுப்பில் இருந்தேன். அதன்பின் செய்தி இல்லை. மேடம் ஓய்வுபெற்றுப் புனேவுக்குப் போனார். அறிக்கையின் வரி வருடத்துக்கு வருடம் சுருங்கியது. கடைசியில் 'நார்மல்' என்று அச்சிட்டே வைத்துவிட்டார்கள். நான் மட்டும் அதன் பக்கத்தில், இடம் இருக்கும் அளவுக்கு, 'அமைதியான அறையில்' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி ஜூலை 7. குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்காவில் இறங்கி மழையில் நடந்தேன். பூத்தின் வெளித் தகடுகளைக் கழற்ற இரண்டு பேர் கருவிப் பெட்டியோடு காத்திருந்தார்கள். ஜெனிஃபர் அவர்களை டீ குடிக்க அனுப்பினாள்.

"கடைசியா ஒரு பேஷண்டு வேணும் சார். உக்காருங்க."

இத்தனை வருடத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. குழந்தைகளுக்கான உயரம், முழங்கால் மார்பை இடித்தது. கதவைச் சாத்தினாள். காதில் அந்த அழுத்தம். அதன்பின் எதுவும் இல்லை. என் மூச்சு கேட்டது, எச்சில் விழுங்குவது கேட்டது. இவ்வளவு அமைதியில் எத்தனை ஆயிரம் குழந்தைகளைத் தனியே உட்கார வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. 'கூ' என்றது. வளையத்தை மாட்டினேன்.

வெளியே வந்ததும் தாளைக் காட்டினாள். "உங்க வயசுக்கு சூப்பர் சார். ரெண்டு காதும் நார்மல்."

"எங்கே நார்மல்?"

அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து 'அமைதியான அறையில்' என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். "அப்ப எதிர்வீட்டு மாமிகிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள். காலையில் நடந்ததை அவளிடம் சொல்லியிருந்தேன்.

ரயிலில் வரும்போது அதையேதான் யோசித்தேன். பெல் கேட்கிறது. குக்கர் விசில் கேட்கிறது. போன் அடித்தால் அடுத்த அறையிலிருந்து எழுந்து போகிறேன். மூன்று வருடமாகக் காலை ஐந்தே முக்காலிலிருந்து படுக்கும் வரைக்கும் என் வீட்டில் குரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதில் ஒன்றுகூட என்னைக் கூப்பிடுகிற குரல் இல்லை. வீடு காலியாக இருக்கிற மாதிரித் தெரியக் கூடாது என்றுதான் தொலைக்காட்சியைப் போட்டேன். வயதான மூளையும் பழகுகிறது போலிருக்கிறது.

வீடு திரும்பிய பின் வழக்கப்படி நாட்குறிப்பு எழுதினேன். மழை, பூத், ஜெனிஃபர். நான்காவது வரி எழுதாமல் படுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய். ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். கை ரிமோட்டுக்குப் போயிற்று. எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். அதுதான் அன்று முதலில் செய்தது. பிறகு கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, காப்பி இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்தேன். கட்டடத்தில் இவ்வளவு சத்தம் இருப்பது மறந்துபோயிருந்தது. மேலே யாரோ பாத்திரம் அலம்பினார்கள். படியில் பால்காரன் இறங்கினான். தண்ணீர்க் குழாயில் காற்று கொஞ்ச நேரம் இருமியது. எதிர்க் கதவின் தாழ்ப்பாள் திறந்தது.

"ராமன், தண்ணி வந்தாச்சு."

"இதோ வரேன் மாமி," என்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், அடுத்த தடவை கூப்பிடுவதற்காக இழுத்த மூச்சை அவர் வெளியே விடுவது கேட்டது.